விற்றுப் பங்கிடுவதா, வைத்துக் காப்பதா?

சென்ற சம்பள நாளன்று, கணக்கை முடித்து அலுவலகக் கதவைச் சாத்தும் வேளையில், பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவர் நம்மிடம் வந்தார். பிஸ்கட் டின் ஒன்றிலிருந்து பழுப்பேறிய காகிதமொன்றை எடுத்து மேசைமேல் விரித்து, "தம்பி, இது அப்பா விட்டுட்டுப் போனது. இதுக்கு ஏதாச்சும் பணம் வருமா, பாத்துச் சொல்லுங்க" என்றார். அது ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம். தகப்பனாரின் பெயர் பத்திரத்தில் ஒருவிதமாகவும் அடையாளக் கார்டில் வேறுவிதமாகவும் இருந்தது. வாரிசு என்று எவர் பெயரும் பதியப்படவில்லை. தகப்பனார் காலமாகி இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. இத்தனை ஆண்டுகளாக அந்தப் பத்திரம் டின்னுக்குள் உறங்கியது. அதற்குரிய வாக்கும் கூடவே உறங்கியது.

அம்மையார் நின்ற இடத்துக்குப் பின்னால் சம்பளச் சீட்டு வாங்க வந்த இளைஞர் இருவர் நின்றிருந்தனர். அவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "அந்தச் சங்கத்து நிலத்தையெல்லாம் வித்து ஆளுக்கு இவ்வளவுன்னு கொடுத்துட்டா இந்தத் தொல்லையே இல்லையே! இன்னிக்கு நிலம் என்ன விலை விக்குது!" என்றார். மற்றவர் ஆமென்று தலையாட்டினார்.

ஒருபுறம் தன் உரிமை இன்னதென்று அறியாத முதுமை. மறுபுறம் அந்த உரிமையை ஒரே நாளில் காசாக்கிவிடத் துடிக்கும் இளமை. நம் கூட்டுறவுச் சங்கங்களின் எதிர்காலம் இவ்விரண்டுக்கும் நடுவேதான் ஊசலாடுகிறது. இதனைக் குறித்து நம் தோழர்கள் ஆர அமரச் சிந்திக்க வேண்டுமென்று இன்று எழுதுகின்றோம்.

முதலில், கூட்டாகப் பணம் சேர்க்கும் வழக்கம் ஏன் தோன்றியது என்பதைப் பார்ப்போம். தோட்டத் தொழிலாளிக்குத் தலைமுறை தலைமுறையாக இருந்த பெருங்குறை யாது? வீடுதான். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரை கூரை இருக்கும். வேலை போனால் கூரையும் போகும். முப்பது ஆண்டு மங்கு துடைத்தவனும், ஓய்வுபெறும் நாளில் சட்டி பானையோடு எங்கே போவது என்று கலங்கியதை நாம் கண்டிருக்கின்றோம். தனியொருவன் தன் கூலியை மட்டும் வைத்து நிலம் வாங்கி வீடு கட்டுவது எளிதன்று. பத்துப் பேர் சேர்ந்தால் அது எளிதாகிறது.

இந்தச் சூத்திரம் நமக்கு மட்டும் உரியதன்று. நம் தோட்டங்களை ஒரு காலத்தில் ஆண்ட துரைமாரின் நாட்டிலும் ஏழைகள் இதையே செய்தார்கள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில், 1775ஆம் ஆண்டளவில், ரிச்சர்டு கெட்லி என்பவர் நடத்திய 'கோல்டன் கிராஸ்' என்னும் மதுக்கடையில் சிலர் கூடி ஒரு கட்டடச் சங்கம் அமைத்தனர். உறுப்பினர் அனைவரும் மாதந்தோறும் சந்தா கட்டினர். சேர்ந்த பணத்தில் முறைவைத்து ஒவ்வொருவருக்காக வீடு எழுப்பினர். இவ்வாறு தோன்றிய தொடக்ககாலச் சங்கங்கள், கடைசி உறுப்பினருக்கும் வீடு கிடைத்ததும் கலைந்துவிடும். பிற்பாடு, கலையாமல் தொடர்ந்து நடக்கும் நிரந்தரச் சங்கங்கள் உருவாயின.

இதைப் படிக்கும் தோழர்கள், "இது நம்ம கூட்டுதானே!" என்று சொல்லக்கூடும். ஆம், கிட்டத்தட்ட அதுவேதான். பன்னிரண்டு பேர் கூடி மாதம் நூறு வெள்ளி கட்டி, சீட்டெடுத்தவர் மொத்தத் தொகையைக் கொண்டு போகும் கூட்டு நம் லயங்களில் நடவாத காலமில்லை. ஆனால் பெரியதொரு வேற்றுமை உண்டு. கூட்டில் எழுத்து இல்லை, கணக்கை ஆராயும் தணிக்கையாளர் இல்லை, கடனுக்கு ஈடாக நிலமும் இல்லை. கூட்டுப் பிடித்தவர் நல்லவராக இருக்கும்வரை பணம் இருக்கும். அவர் இரவோடிரவாக ஊரை விட்டுப் போனால் பணமும் போயிற்று. இத்தகைய மோசடிகளைக் கண்டே 1971ஆம் ஆண்டில் கூட்டு நிதித் தடைச் சட்டம் இந்நாட்டில் இயற்றப்பட்டது. கட்டடச் சங்கமோ, கூட்டுறவுச் சங்கமோ, கூட்டின் நல்ல குணத்தை எடுத்துக்கொண்டு அதன் நோய்க்குச் சட்டம் என்னும் மருந்தையும் சேர்த்துக்கொண்ட அமைப்பு என்று சொல்லலாம்.

மலாயாவில் கூட்டுறவுக்கு 1922ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்தது. கடைக்காரத் தவுக்கேயிடமும் வட்டிக்காரரிடமும் சம்பளம் முழுதும் அடகு போவதைத் தடுக்கவே சிக்கன நாணயச் சங்கங்கள் தோன்றின. ஆனால் தோட்டத் தொழிலாளியின் வரலாற்றில் மறக்கவொண்ணாத ஆண்டு 1960.

அந்நாளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கியவர்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி விற்றனர். துண்டாடப்பட்ட தோட்டத்தில் பழைய ஆட்களுக்கு வேலையில்லை. வேலையில்லாதவருக்கு லயமும் இல்லை. 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து தனி அறிக்கையே எழுதும் அளவுக்கு அது நாட்டை உலுக்கியது. அப்போது அமைச்சராகவும் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவராகவும் இருந்த வீ. தி. சம்பந்தன் அவர்கள் தோட்டந்தோட்டமாகச் சென்று, "விற்பனைக்கு வரும் தோட்டத்தை நாமே வாங்குவோம்" என்னும் எண்ணத்தை விதைத்தார். அதுவே தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமாக முளைத்தது. ஒரு பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். நாட்கூலி சில வெள்ளிகளே பெற்ற பால்வெட்டிக்கு அந்தப் பத்து வெள்ளி பல நாள் வேர்வை. ஆயினும் கட்டினார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. நேற்றுவரை கூலியாக நின்றவன் அதே மண்ணுக்குப் பங்காளியானான். இதனைவிடப் பெரிய புரட்சி ஒன்று உண்டோ?

இப்போது சந்தை மாறிவிட்டது. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. செம்பனை நின்ற இடத்தில் வீடமைப்புப் பேட்டை எழும்புகிறது. பட்டணத்துக்கு அருகில் இருக்கும் நிலத்தின் விலை, அதில் விளையும் பாலின் விலையோடும் பழத்தின் விலையோடும் ஒட்டும் உறவுமில்லாமல் ஏறுகிறது. கைபேசியைத் தட்டினால் கடன் தருகிறோம் என்கின்றன பல கம்பெனிகள். இந்நிலையில், "சங்கம் எதற்கு? விற்றுப் பங்கிடு" என்ற குரல் எழுவதில் வியப்பில்லை. அந்த இளைஞரை நாம் குறை கூறமாட்டோம். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை, இதே கேள்வியை நமக்கு முன்னே கேட்டுப் பார்த்தவர்களின் அனுபவத்தில் இருக்கிறது.

பிரிட்டனில் 1986ஆம் ஆண்டில் கட்டடச் சங்கச் சட்டம் திருத்தி எழுதப்பட்டது. உறுப்பினர்கள் வாக்களித்தால் சங்கத்தைப் பங்குச் சந்தைக் கம்பெனியாக மாற்றிக்கொள்ளலாம் என்று வழி திறக்கப்பட்டது. 1989இல் அபி நேஷனல் சங்கம் முதலில் மாறியது. 1997இல் ஹாலிஃபாக்ஸ், உல்விச், அலையன்ஸ் அண்டு லெஸ்டர், நார்தர்ன் ராக் எனப் பல சங்கங்கள் வரிசையாக மாறின. 2000இல் பிராட்ஃபோர்டு அண்டு பிங்லி மாறியது. விற்கப்பட்டவையும் மாற்றப்பட்டவையுமாக மொத்தம் பத்துச் சங்கங்கள். பாட்டன் காலத்திலிருந்து சேர்ந்த கையிருப்பு, அன்று உறுப்பினராக இருந்தவர்களுக்கு இலவசப் பங்குகளாகக் கிடைத்தது. அந்த இலவசத்துக்காகவே கணக்குத் திறந்துவிட்டுக் காத்திருந்தவர்களும் ஏராளம்.

பின்பு நடந்ததென்ன? அந்தப் பத்தில் ஒன்றுகூட இன்று தனித்து நிற்கவில்லை. அபி நேஷனலை 2004இல் ஸ்பெயின் நாட்டு வங்கி வாங்கியது. உல்விச்சை 2000இல் பார்க்லேஸ் விழுங்கியது. ஹாலிஃபாக்ஸ் வேறொரு வங்கியோடு இணைந்து, 2008ஆம் ஆண்டு நிதி நெருக்கடியில் மூழ்கப்போய், லாயிட்ஸ் வங்கியின் கைக்குப் போயிற்று. நார்தர்ன் ராக்கின் கதை இன்னும் பாடமானது. கட்டடச் சங்கமாக இருப்பது, திரட்டும் நிதியில் பாதிக்குக் குறையாமல் உறுப்பினர் சேமிப்பாக வைத்திருக்கச் சட்டப்படி கடமைப்பட்டது. வங்கியாக மாறிய பின்னர் அந்தக் கடிவாளம் நீங்கியது. பெருஞ்சந்தையில் கடன் வாங்கி வீட்டுக்கடன் கொடுத்தது. 2007இல் அந்தச் சந்தை உறைந்ததும், செப்டம்பர் மாதத்தில் அதன் கிளைகளின் வாசலில் பணத்தைத் திரும்பக் கேட்டு மக்கள் நீள வரிசையில் நின்றனர். 2008 பிப்ரவரியில் அரசாங்கமே அதனை எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அதே காலத்தில் நேஷன்வைட் என்னும் சங்கத்துக்கும் இந்தச் சோதனை வந்தது. 1998இல் நடந்த வாக்கெடுப்பில் மிகச் சிறிய வித்தியாசத்தில் உறுப்பினர்கள் மாற்றத்தை நிராகரித்தனர். அதற்கு முன்பே, 1997 நவம்பரில், அச்சங்கம் ஒரு விதி செய்தது: புதிதாகச் சேருவோர், என்றேனும் சங்கம் மாற்றப்பட்டால் தமக்கு வரும் இலவசப் பங்கை அறநிதிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கொள்ளையில் பங்கு கேட்டு வருவோருக்கு ஆசை அற்றுப்போயிற்று. அந்தச் சங்கம் இன்றும் நிற்கிறது. நிற்பதோடு, 2024 அக்டோபரில் வர்ஜின் மணி வங்கியையே விலைக்கு வாங்கியது. நார்தர்ன் ராக்கின் மிச்சம் அந்த வர்ஜின் மணிக்குள்தான் அடங்கியிருந்தது! விற்றவர்களின் வீடு கடைசியில் விற்காதவர்களின் கைக்கு வந்து சேர்ந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது: இத்தனை பெரிய கொள்முதலுக்கு நேஷன்வைட் தன் உறுப்பினர்களிடம் வாக்குக் கேட்கவில்லை. நல்ல சங்கத்திலும் தலைமை உறுப்பினரை மறக்கும் ஆபத்து உண்டு என்பதற்கு இது சாட்சி.

கடல் கடந்து போவானேன்? பாலம் கடந்தாலே போதும். சிங்கப்பூரில் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் 1970இல் தொழிலாளருக்கு மலிவான காப்புறுதி கிடைக்கவேண்டி 'இன்கம்' என்னும் கூட்டுறவை நிறுவியது. 2022இல் அது கம்பெனியாக மாற்றப்பட்டது. மாறி இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை. 2024 ஜூலையில் ஜெர்மனியின் அலையன்ஸ் நிறுவனம் பாதிக்கு மேற்பட்ட பங்கை ஏறக்குறைய 220 கோடி சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்க முன்வந்தது. 'இன்கம்' அமைப்பின் முன்னாள் தலைமை அதிகாரி உள்ளிட்ட பலர் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். அவ்வாண்டு அக்டோபரில் சிங்கப்பூர் அரசாங்கம், இந்த ஏற்பாடு பொதுநலனுக்கு உகந்ததன்று என்று கூறித் தடுத்தது. டிசம்பரில் அலையன்ஸ் பின்வாங்கியது. தொழிற்சங்கமே பெற்றெடுத்த பிள்ளைக்கும் இந்த நிலை வருமென்றால், நாம் கண்ணயர்வது தகுமா?

இதுவரை சொன்னதைக் கேட்டு, "அப்படியானால் சங்கம் என்று பெயர் வைத்துவிட்டால் எல்லாம் சரிதானா?" என்று கேட்பவர் இருப்பர். இல்லவே இல்லை. பெயரில் மயங்கக்கூடாது. நம் நாட்டிலேயே 1950இல் தோன்றி, 1956இல் மலாயா போர்னியோ கட்டடச் சங்கம் என்று பெயர் பெற்று, பின்னர் மலேசியக் கட்டடச் சங்கமான நிறுவனம், பெயரில் சங்கமே தவிர அமைப்பில் பங்குச் சந்தைக் கம்பெனி. 2018இல் ஒரு வங்கியை வாங்கித் தானும் வங்கியாயிற்று. அது குற்றமன்று. ஆனால் சங்கம் என்ற சொல்லை மட்டும் பார்த்து, அங்கே நமக்கு வாக்கு உண்டென்று எண்ணுவது பிழை.

மேலும், உண்மையான கூட்டுறவாக இருந்தும் மோசம் போனவை உண்டு. பிரிட்டன் சங்கங்களுக்குச் சந்தைக் கதவைத் திறந்த அதே 1986இல்தான், இங்கே வைப்புப் பணம் வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்களை பேங்க் நெகாரா முடக்கியது. லட்சக்கணக்கான எளிய மக்களின் நூறு கோடி வெள்ளிக்கும் மேலான சேமிப்பு அவற்றில் சிக்கியது. காரணம் என்ன? வங்கியைவிட அதிக வட்டி தருகிறோம் என்று பணத்தைத் திரட்டினர். திரட்டிய பணத்தை நிலத்திலும் பங்குகளிலும் போட்டனர். நிர்வாகிகள் தமக்கு வேண்டிய கம்பெனிகளுக்கே கடன் கொடுத்தனர். பொருளாதாரம் சரிந்தபோது யாவும் சரிந்தன. விற்றுக் கெட்டவை பிரிட்டன் சங்கங்கள். காவலின்றிக் கெட்டவை இவை. இரண்டிலும் இழந்தவன் கடைசி வரிசையில் நின்ற உறுப்பினனே.

ஆகவே நாம் சொல்வது இதுதான்: விற்றுப் பங்கிடுவதும் தவறு, வைத்துவிட்டு உறங்குவதும் தவறு. வைத்துக் காக்க வேண்டும்.

விற்றால் ஒரு தலைமுறைக்கு ஒரு தடவை பணம் வரும். கூரை ஒழுகுவதைச் சரிசெய்யவும், மோட்டார் சைக்கிள் கடனை அடைக்கவும், கல்யாணச் செலவுக்கும் அது போய்விடும். மறுநாள் நம் பெயரில் ஒரு கைப்பிடி மண்ணும் இராது. நிலத்தை விற்றவன் அந்த நிலத்தின் ஓரத்திலேயே வாடகை வீடு தேடி அலைவதை இன்று காணவில்லையா? பங்கைப் போட்டவர்கள் நம் பாட்டன்மார். அனுபவிக்க வேண்டியவர்கள் இனிப் பிறக்கும் பிள்ளைகளும்கூட. நடுவே நிற்கும் நாம் காவற்காரர். காவற்காரன் களஞ்சியத்தை விற்கலாமா?

அதற்காக ஒரு துண்டு நிலமும் என்றும் விற்கக்கூடாது என்று பிடிவாதம் செய்யமாட்டோம். நெடுஞ்சாலைக்கு அரசாங்கம் எடுக்கலாம். பயனற்ற நிலத்தை விற்று நல்ல நிலம் வாங்கலாம். ஆனால் எந்த விற்பனையானாலும் விலை என்ன, மதிப்பீடு செய்தவர் யார், வாங்குபவர் யார், வரும் பணம் எதற்குப் போகும் என்ற நான்கு கேள்விக்கும் எழுத்தில் விடை வைத்து, உறுப்பினர் வாக்கைப் பெற்ற பின்னரே நடக்க வேண்டும். இதனை ஒவ்வொரு சங்கமும் தன் துணைவிதியிலேயே எழுதிவைக்க வேண்டும் என்பது நம் கோரிக்கை. நேஷன்வைட் சங்கம் தன் வாசலில் போட்ட பூட்டை நாமும் போட்டால் என்ன? சொத்து விற்ற லாபத்தில் ஒரு பகுதி தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் கல்வி நிதிக்கும் ஓய்வுபெற்ற தொழிலாளரின் வீட்டு நிதிக்கும் போகும் என்று விதி இருக்குமானால், விற்றுத் தின்னும் ஆசை தானே அடங்கும்.

இது தலைவர்களுக்குச் சொன்னது. இனி உறுப்பினராகிய நமக்கு.

முதலாவது, வீட்டில் இருக்கும் பழைய டின்னையும் பெட்டியையும் இந்த வாரமே திறந்து பாருங்கள். பங்குப் பத்திரமோ, பாஸ் புத்தகமோ இருந்தால் சங்க அலுவலகத்தில் காட்டிப் பெயரையும் அடையாளக் கார்டு எண்ணையும் சரிசெய்யுங்கள். உங்களுக்குப் பின் யாருக்கு என்று பெயர் நியமனம் செய்யுங்கள். கூட்டுறவுச் சட்டம் அதற்கு இடந்தருகிறது. ஒரு தாளில் ஒரு கையெழுத்து. அது இல்லாமற்போனால் பிள்ளைகளுக்கு எத்தனை அலைச்சல் என்பதை அலுவலக மேசையிலிருந்து நாம் பார்த்துக்கொண்டிருக்கின்றோம்.

இரண்டாவது, பொதுக்கூட்டத்துக்குப் போங்கள். கூட்டுறவில் நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு வாக்கு; ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு வாக்கு. கம்பெனியில் பணம் பேசும். இங்கே ஆள் பேசலாம். பேச ஆள் வரவேண்டாமா? சாப்பாடு முடிந்ததும் பஸ் ஏறிவிடுவது கூட்டத்துக்குப் போனதாகாது. தணிக்கை செய்த கணக்கறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். புரியாவிட்டால் தோட்டத்துக் கிராணியிடம் கொண்டு வாருங்கள். கிராணிமாரே, உங்களுக்கும் சொல்கின்றோம்: நாம் கற்ற எழுத்தும் கணக்கும் தோட்டத்துச் செக்ரோலோடு முடிந்துவிடக்கூடாது. ஒரு மாலை நேரம் ஒதுக்கி, கோயில் மண்டபத்திலோ சங்கக் கட்டடத்திலோ அமர்ந்து, அந்த அறிக்கையை வரிவரியாகப் படித்துச் சொல்வது நம் கடமை.

மூன்றாவது, அதிக வட்டி என்ற தூண்டிலைக் கடிக்காதீர்கள். காப்புறுதிக்கு உட்பட்ட வங்கியில் போட்ட பணத்துக்கு, வங்கி ஒன்றுக்கு ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம் பொறுப்பு. கூட்டுறவுச் சங்கத்தில் போட்ட பணம் அந்தக் காப்புறுதியில் சேராது. 2008 முதல் கூட்டுறவு ஆணையம் சங்கங்களை மேற்பார்வை செய்கிறது என்பது உண்மையே. ஆனால் முதல் காவல் உறுப்பினரின் கண்தான். ஊரெல்லாம் நான்கு விழுக்காடு தரும்போது ஒருவர் மட்டும் பன்னிரண்டு தருகிறேன் என்றால், மீதி எட்டு எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

நான்காவது, வீடு. ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் முதல் 55 வயதுக்குட்பட்டவரின் புதுச் சந்தாவில் நூற்றுக்குப் பதினைந்து 'செஜாத்தெரா' கணக்குக்குப் போகிறது. வீட்டுத் தேவைக்கு அதிலிருந்து எடுக்கலாம். கைக்கெட்டும் 'ஃபிளெக்சிபெல்' கணக்கைக் காலியாக்கிய பழக்கத்தில் இதனையும் கரைத்துவிடாதீர்கள். 1,700 வெள்ளிக் குறைந்தபட்சச் சம்பளத்தில் தனியொருவன் வீடு வாங்குவது கடினம். நிலம் வைத்திருக்கும் கூட்டுறவுச் சங்கமும், தொழிலாளரின் சேமநிதியும், தொழிற்சங்கத்தின் குரலும் ஒன்று சேர்ந்தால் ஓய்வுபெறும் பால்வெட்டிக்கு ஒரு வீட்டுமனை தருவது கனவாகாது. பர்மிங்ஹாம் மதுக்கடையில் கூடிய ஏழைகள் 1775இல் செய்ததை நாம் இன்று செய்ய இயலாதா?

அந்த அம்மையாரின் பத்திரத்தை எடுத்துக்கொண்டு, வாரிசு மனு எழுதிக் கொடுத்திருக்கின்றோம். பெயர் மாறி வர நாளாகும். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற அந்த இளைஞர் இருவரும், மனுவை முடிக்கும்வரை போகாமல் நின்றனர். ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, எங்க தாத்தா பேர்லயும் இப்படி ஒண்ணு இருக்குன்னு பாட்டி சொல்லும். அதைக் கொண்டு வரவா?"

கொண்டு வாருங்கள், தம்பி. அந்தக் கேள்விதான் நாம் எதிர்பார்த்தது. பத்து வெள்ளி பத்து வெள்ளியாகக் கட்டியவர்கள் நமக்கு விட்டுப் போனது பணம் மட்டுமன்று. அந்த மண்ணைப் பற்றிப் பேசும் வாக்கும்கூட. வாக்கை எடுப்போம், கணக்கைக் கேட்போம், மண்ணைக் காப்போம்!